எட்டு பத்துக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க

"சார், வண்டியை எடுங்க! ப்ளீஸ், உடனே எடுங்க!"

மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி பேப்பர் கப்பில் இருந்த காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு, மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற லெராட்டோவை ஏற இறங்கப் பார்த்தார் போலீஸ்காரர்.

"நீங்க மிடில் ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர்தானே? தென்னாப்பிரிக்கா?"

"ஆமா சார். வண்டி..."

"இது லேட்டா வர்ற பரீட்சைப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டி, டீச்சர். நீங்க எந்தப் பரீட்சை எழுதப் போறீங்க?"

அன்றைக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. வருஷத்தில் ஒரே ஒரு நாள். அதற்காகக் கொரியா முழுக்க ஆபீஸ்கள்கூட ஒரு மணி நேரம் தள்ளித்தான் திறக்கும். ஆனால் தேர்வு நடக்கும் பள்ளியின் கேட் யாருக்காகவும் காத்திருக்காது. எட்டு பத்துக்குச் சாத்தினால் சாத்தினதுதான். அப்புறம் அடுத்த வருஷம்.

இப்போது மணி ஏழு நாற்பத்து நாலு.

லெராட்டோ கையில் இருந்த பிளாஸ்டிக் கவரை ஆட்டிக் காட்டினாள். "என் ஸ்டூடண்டோட ஹால் டிக்கெட் சார். ஐடி கார்டும் இதுலதான் இருக்கு. நேத்து என் டிக்‌ஷனரிக்குள்ள வெச்சது அப்படியே என்னோட வந்துடுச்சு. இப்பத்தான் பார்த்தேன்."

"ஃபோன் போட வேண்டியதுதானே?"

"பரீட்சைக்கு ஃபோன் கொண்டுபோகக் கூடாதே. வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"போயிட்டாங்களா? பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு மரியாதை? உங்க கொரியன் இன்னும் தேறலை போங்க." சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "குடுங்க. பேரு என்ன? வாக்கி-டாக்கியில அங்க சொல்லிடறேன்."

அப்போதுதான் அவர் சட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். சோ கி-தே. இந்தப் பெயரை நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஊரில் இத்தனை போலீஸ் இருக்க, இவரா வந்து நிற்க வேண்டும்?

கவரைக் கோட்டுக்குள் செருகி, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பேரு... வேணாம் சார்."

"என்னது?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

'பாஸானா நானே சொல்லிக்கறேன் டீச்சர். ஃபெயிலானா ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது.' கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாங்கிய சத்தியம். இரண்டு வருஷமாகத் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு படித்த படிப்பு.

கி-தேயின் சிரிப்பு நின்றது. "போலீஸ்கிட்டயே மறைக்கிறீங்களா? உங்க விசா கார்டை எடுங்க பார்ப்போம்."

விசா புதுப்பிக்க இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது. "விசாவை வேணும்னா அப்புறம் பிடுங்கிக்கங்க சார். கேட்டைச் சாத்திடுவாங்க!"

ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு பின்சீட்டில் இருந்த ஹெல்மெட்டைத் தூக்கி அவள் கையில் போட்டார். "ஏறுங்க."

சைரன் அலறியது. அதற்கு மேல் அவர் அலறினார்.

"நான் எழுதினப்போ எங்கம்மா நூறு நாள் கோயில்ல விழுந்து விழுந்து கும்பிட்டாங்க டீச்சர்! அன்னைக்குக் காலையில கடற்பாசி சூப்பைக் கண்ணுலயே காட்டலை, மார்க்கு வழுக்கிடும்னு! இந்தப் பிள்ளை வீட்டுல என்ன பண்றாங்க, தூங்குறாங்களா?"

"வீட்டுல யாருக்கும் தெரியாது சார்!"

"தெரியாதா? ஒரே கூரைக்குள்ள ஒருத்தர் பரீட்சைக்குப் படிக்கறது தெரியாம ஒருத்தன் இருப்பானா? அப்படி ஒரு குருட்டுப் பய இருந்தா, அவனைத்தான் முதல்ல உள்ள தூக்கிப் போடணும்!"

லெராட்டோ கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பாலத்தில் வண்டி நின்றது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற மாசம். முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று பாலத்துக்குக் குறுக்கே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றது.

"யோவ், ஒதுக்குய்யா! ஒரு பிள்ளையோட வாழ்க்கைய்யா!" என்று கத்தினார் கி-தே.

"நான் என்ன ஆசைப்பட்டா நிக்கிறேன்?" என்று லாரிக்காரன் திருப்பிக் கத்தினான்.

எட்டு மூன்று. எட்டு நாலு. லெராட்டோ இறங்கி ஓடிவிடலாமா என்று காலைத் தரையில் வைத்தாள். லாரி பின்னால் நகர்ந்து இரண்டு முழ இடம் விட்டது. அதற்குள் வண்டியை நுழைத்தார் கி-தே.

எட்டு எட்டு. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்குக் காலேஜில் இடம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கேட் கம்பிகளில் மிட்டாயை ஒட்டிவிட்டு அம்மாக்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காவலாளி கேட்டில் கையை வைத்துவிட்டார்.

"டீச்சர்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு உருவம் ஓடி வந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. லெராட்டோ நீட்டிய கவரைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தது. பின்னால் நின்ற போலீஸ்காரரைப் பார்த்ததும் அப்படியே சிலையாக நின்றுவிட்டது.

கி-தே மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அம்மா?"

லெராட்டோவின் பள்ளிச் சமையலறையில் பன்னிரண்டு வருஷமாகச் சோறு பொங்கும் அறுபத்தோரு வயது மல்-சுன், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திட்டறதை சாயங்காலம் வீட்டுல வெச்சுத் திட்டுடா, இப்ப மணியாச்சு!" என்று சொல்லிவிட்டு, மூடப்போன கேட்டுக்குள் ஓடினாள்.