விட்டுவைத்த ஓர் இடம்

தச்சநல்லூர் மீரான்கனி மகன் நூர்முகம்மது ஆகிய எனக்கு அகவை எழுபத்தொன்று. எவரும் கற்பிக்காமல் நானே கற்றது கணினி. அதிலும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே எழுதும் எடிட்டர். மவுசுக்கு அங்கே வேலை இல்லை.

சீவலப்பேரி இளைஞர்கள் தங்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றித் தட்டச்சுக்குக் கொண்டுவந்த 'வெள்ள மலர்' என் திரையில் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு பிற்பகல், அவ்வூர் யஹ்யா உள்ளே வந்தான். வளைகுடாவில் பொருளீட்டித் திரும்பியவன். அவன் பின்னால் வந்த வயற்கூலி சுடலைமணி வாசலிலேயே நின்றுகொண்டான்.

"மாமா, மலரு அச்சுக்குப் போயிட்டா?"

"நாளைக்குப் போவுது. ஏன்லே?"

"சுடலைமணின்னு வார இடத்துல எல்லாம் என் பேரைப் போடணும்."

விசைப்பலகையில் என் விரல்கள் நின்றன.

மலரின் உயிரே சுடலைமணி வரும் பகுதிதான். மார்கழி வெள்ளம் தெருவை நோக்கி ஏறிவந்த விடியலில், சுடலைமணி தனி ஆளாக வாய்க்கால் கரையை வெட்டிவிட்டான். வெள்ளம் திசைமாறி ஒரு வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தது. தோட்டம் மூழ்கியது, தெரு பிழைத்தது.

"அன்னைக்கு நீ எங்கலே நின்ன?"

"எங்க வீட்டு மாடியில."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி மஹ்மூதா பீவி, ஒரே ஒரு தம்ளரைச் சுடலைமணியிடம் நீட்டினாள்.

"மாடியில நின்னவுகளுக்கு மண்வெட்டி எதுக்கு மாப்பிள்ளை? புகழு வேணும்னா ஜங்ஷன்ல ஒரு பேனரு கட்டிக்கிட வேண்டியதுதான!"

யஹ்யா சிரித்துவைத்தான்.

நான் வாசலை நோக்கினேன்.

"சுடலை, உனக்குச் சம்மதமாலே?"

"மாத்திருங்க அண்ணாச்சி."

"மிரட்டுதானா?"

"இல்ல அண்ணாச்சி." அவன் தலை நிமிரவில்லை.

உரியவனே கேட்கும்போது, தட்டச்சு செய்பவன் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? சினத்தோடு கட்டளையை எழுதினேன். மலரில் அவன் சில இடங்களில் 'சுடலைமணி', சில இடங்களில் வெறும் 'சுடலை'. ஆகவே, 'சுடலைமணி' என்றோ 'சுடலை' என்றோ எழுத்துகள் வரும் இடத்தில் எல்லாம் அவற்றை நீக்கி 'யஹ்யா' என்று மாற்றுக. ஒரே தட்டு. கண்ணிமைக்குமுன் மலர் முழுவதும் மாறிவிட்டது.

யஹ்யா குனிந்து படித்தான்.

"'யஹ்யாமாடன் கோயில் வாசல்வரை வெள்ளம் வந்தது'... அஸ்தஃபிருல்லா! மாமா, என்னையக் கொண்டுபோயி கோயில்ல நிறுத்திட்டியளே!"

சுடலைமணிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"கோயில் கொடைக்கு உங்களுக்குக் கெடா வெட்டணும் பாய்!"

ஓர் எழுத்தைத் தட்டினேன். மாறியவை எல்லாம் பழையபடி மீண்டன. இம்முறை கட்டளையின் முடிவில் இன்னோர் எழுத்தைச் சேர்த்தேன். அதைச் சேர்த்தால் திரை ஒவ்வோர் இடத்திலும் நின்று, "மாற்றட்டுமா?" என்று கேட்கும்.

முதற்பெயர் ஒளிர்ந்து நின்றது. சன்னலுக்கு வெளியே வாய்க்கால் தண்ணீர் சலசலத்தது. பிற்பகல் அயர்வோ என்னவோ, அந்தக் கறுப்புத் திரையின் அடியிலும் நீர் நகர்வதாகத் தோன்றிற்று.

மாற்றட்டுமா? ஆம்.

மழைக்குள் ஒருவன் கரையேறிப் போனான். மாற்றட்டுமா? ஆம். அவன் முகம் கரைந்து, யஹ்யாவின் முகம் வந்தது. சுடலைமாடன் வந்தார், "இல்லை" என்றேன். அவர் தம் இடத்திலேயே நின்றார். மண் சரிந்தது. வாழைகள் ஒவ்வொன்றாக, உறங்கச் செல்பவை போல, நீருக்குள் சாய்ந்தன. மாற்றட்டுமா? ஆம், ஆம்.

இறுதி வரி வந்தது.

'விடிந்தபின், சுடலைமணி மண்வெட்டியைக் கழுவிச் சுவரோரம் சாய்த்தான்.'

மாற்றட்டுமா?

ஓசையின்றி, "இல்லை" என்பதைத் தட்டினேன்.

"முடிஞ்சுதுலே."

"கடைசி ஒண்ணு அப்படியே இருக்கு மாமா."

"இருக்கட்டும். மத்ததெல்லாம் நீயே எடுத்துக்கிட்ட. மண்வெட்டியாவது அவன்கிட்ட இருக்கட்டும்."

"அந்த மண்வெட்டிதான் மாமா வேண்டாங்கேன்."

யஹ்யா என் அருகில் அமர்ந்தான். குரல் தணிந்தது.

"கரையை வெட்டுனது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி எங்க அண்ணன் அலி அஸ்கர் போலீஸ்ல மனு குடுத்திருக்காவ. இந்த ஒரு வரி போதும், இவனைப் பிடிச்சு உள்ள வைக்க."

வாசலில் சுடலைமணி தம்ளரைத் தரையில் வைத்தான்.

"அப்ப அந்தப் பேச்சையே மலர்ல இருந்து எடுத்துருவோம்லே."

"பேரு இல்லன்னா தேடிக்கிட்டே இருப்பாவ மாமா. ஒரு பேரு கெடச்சாத்தான் தேடுறது நிக்கும்."

"உன்னையப் பிடிச்சா?" என்றாள் மஹ்மூதா பீவி. அவள் குரலில் சற்றுமுன் இருந்த கேலி இல்லை.

"என்னைய எப்படி மாமி பிடிப்பாவ? முங்குன தோட்டம் எனக்கும் அண்ணனுக்கும் பொதுல்லா."

நான் கட்டளையை மீண்டும் எழுதினேன். திரை அதே இடத்தில் நின்று கேட்டது. இம்முறை நான் தயங்கவில்லை.

மஹ்மூதா பீவி உள்ளே போய், இன்னொரு தம்ளர் தேநீரோடு பைய வந்தாள்.

மலர் வெளிவந்தது. வாழையை மூழ்கடித்தவன் தன் தம்பியே என்று படித்த அலி அஸ்கர், அவனோடு பேச்சை முறித்துக்கொண்டு, காவல்நிலையத்தில் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றார். அந்நாள், இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஏழாம் நாள், மாசி இருபத்துநான்கு, வியாழக்கிழமை.