முதலில் எழுவது யார்?

“அரசு சம்பளம் தருது. கணக்குக் கேக்கக் கூடாதா, மேடம்?” என்றார் அரசு அனுப்பிய அதிகாரி.

“தாராளமா கேளுங்க. யார் பாடம் நடத்தணும்கிறதை மட்டும் எங்ககிட்ட விடுங்க” என்றார் கூட்டத்துக்குத் தலைமை வகித்த பேராசிரியை.

இனிப் பல்கலைக்கழக ஆசிரியர்களை அரசே நியமிக்கும் என்ற ஆணை. பேராசிரியர் குழு ஏற்றால்தான் செல்லும்.

“எதிர்க்கிறவங்க எழுந்து நிக்கலாம்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். நேற்றுவரை வராந்தாவில் வீரம் பேசியவர்கள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“நீங்க எந்திரிங்க சார், பின்னாடியே வர்றேன்” என்று கிசுகிசுத்தார் ஒருவர்.

“எனக்கு முழங்கால் வலி. நீங்க எந்திரிங்க.”

பேராசிரியை தன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

“சரி. மறைந்த உறுப்பினருக்கு முதல்ல அஞ்சலி செலுத்திடுவோம்.”

எல்லோரும் எழுந்தார்கள், முழங்கால்வலிக்காரரும்தான். மௌனம் முடிந்து யாரும் உட்காருவதற்குள் பேராசிரியை சொன்னார்:

“இப்ப வாக்கெடுப்பு. ஆணையை ஏத்துக்கிறவங்க மட்டும் உட்காரலாம்.”

முதல் ஆளாக உட்காரவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதிகாரி மட்டும் உட்கார்ந்து, யார் பெயரை எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடினார்.

“ஆணை ஏற்கப்படவில்லை” என்றபோதுதான் பேராசிரியையின் குரல் உடைந்தது.

போன கூட்டத்தில் இதே ஆணை பேச்சுக்கு வந்தபோதே, அந்தக் காலி நாற்காலியிலிருந்து தனி ஆளாக எதிர்த்து எழுந்து நின்றவர், அவருடைய கணவர்.