சம்பளத்தோடு ஓய்வு

1957 ஜூலையில், மலாக்கா காஜா பெராங்கைச் சேர்ந்த மூட்டைத் தொழிலாளி நல்லையாவுக்கு இதயத் தசையில் அழற்சி என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார். இதயத் துடிப்பைக் கோடாக வரையும் மிஷினில் அது தெரிந்ததாம். படுக்கையை விட்டு எழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கம்பெனி சம்பளத்தோடு லீவு கொடுத்தது. அவர் இடத்தில் தம்பி சுப்பையன் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போனான். மனைவி சாரதாம்பாள் கணவருக்குச் சோற்றைக்கூடப் பிசைந்து ஊட்டினாள்.

“அந்த மிஷினில் படுத்தால் பயத்தில் யாருக்கும் நெஞ்சு படபடக்கும் அண்ணி. அதைப் போய் நம்புறீங்களே,” என்றான் சுப்பையன்.

“நீ பெரிய டாக்டர். நாலு படி ஏறினால் உனக்கே மூச்சு வாங்குது. போ, வேலைக்கு நேரமாச்சு.”

“அவனை விரட்டாதே,” என்று கட்டிலில் கிடந்தபடி நல்லையா சிரித்தார். “அவன் புண்ணியத்தில்தான் நான் படுத்திருக்கேன்.”

அடுத்த வாரம் சுப்பையன் மூட்டையோடு கிடங்கில் விழுந்தான். சாரதாம்பாள் ஓடி வருவதற்குள் உயிர் போயிருந்தது.

கம்பெனி டாக்டர் வந்து இறந்தவனின் முகத்தைப் பார்த்தார். “நல்லையாதானே இவர்? எழவே கூடாது என்று சொன்னேனே.”

“இது அவர் தம்பி, டாக்டர்.”

“மிஷினில் படுத்தது இவர்தான் அம்மா.”

வீட்டில் நல்லையா ஒப்புக்கொண்டார். தன் இருமலைக் காசநோய் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, தம்பியைத் தன் பெயரில் கம்பெனியின் உடல் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ஆள்மாறாட்டப் பயத்தில் துடித்த நெஞ்சை மிஷின் தப்பாக வரைந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் நல்லையா கிடங்குக்குப் போனார். அங்கே வேறு ஆளைச் சேர்த்திருந்தார்கள்.