அரை நொடி

ஆண்களுக்கான ஆயிரம் மீட்டர் சைக்கிள் பந்தயத்தில் எந்த வீரர் எத்தனை நொடியில் முடிப்பார் என்பதை அவர் உடலை அளந்து இயந்திரம் முன்பே சொல்லிவிடும். அதைவிட வேகமாக ஓட்டினால் ஊக்கமருந்து எடுத்தவன் என்றுதான் அர்த்தம்.

சர்வதேசப் போட்டியில் இளம்பரிதி அந்தக் கணக்கை அரை நொடி முந்தினான். அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

"ரத்தத்துலயே தெரியாத மருந்து போல," என்றார் அவனுடைய பயிற்சியாளரே.

ஊரிலிருந்து மனைவி செண்பகம் போனில் கூப்பிட்டாள். அவன் எந்த நாட்டில் இருந்தாலும் அவள் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா?" என்றுதான். இன்றைக்கு அதைக் கேட்டாலே போதும் என்று அவசரமாக எடுத்தான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"