நாற்பதாவது இடம்

"ரெண்டு பேரும் எரநூத்திப் பதினெட்டு மார்க்குன்னா, எம் புள்ளைய மட்டும் இன்னாத்துக்கு சார் வெளிய நிறுத்துறீங்க?"

டிராம் கண்டக்டர் தங்கவேல் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தான். சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீஸ் அறை அது. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமைக் குமாஸ்தா காஸ்பர். முதல் பாரத்துக்கான, அதாவது ஆறாம் வகுப்புக்கான, நுழைவுப் பரீட்சைப் பட்டியல் அவர் முன்னால் கிடந்தது.

"தமிழ், இங்கிலீஷ், கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் நூறு மார்க்" என்றார் காஸ்பர். "எதுலயும் முப்பத்தஞ்சுக்குக் கீழே போகக் கூடாது. அப்புறம் மொத்தத்தைக் கூட்டி வரிசை போடுவோம். இருக்கிறது நாற்பது இடம். கடைசி இடத்துக்கு உங்க பையனும் இன்னொரு பையனும் சமமா நிக்கிறாங்க."

"அப்பால?"

"கணக்கு மார்க்கைப் பார்ப்போம். அதுலயும் ரெண்டு பேரும் எண்பத்தொண்ணு. அப்படி வந்தா வயசுல மூத்தவனுக்குத்தான் இடம். சின்னவன் அடுத்த வருஷம் திரும்ப எழுதலாமே. உங்க சண்முகவேல் மூணு மாசம் சின்னவன்."

தங்கவேல் குடும்பத்தில் முதல் பாரம் ஏறிய பிள்ளை இதுவரை கிடையாது. நாலு மாதமாக டிக்கெட் கிழித்துக்கொண்டே வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து, வீட்டுக்குப் போய்ப் பையனைக் கேள்வி கேட்டவன் அவன். பதினாறாம் வாய்ப்பாடு இப்போது அவனுக்கே தலைகீழாக வரும்.

"அந்தப் பையனோட அப்பன் யாரு சார்? லஸ்ல காரு வச்சிக்கினு கீற வக்கீலா? கூடை கூடையா மாம்பழம் வந்துச்சா?"

காஸ்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்கீல் இல்லைங்க. மாசச் சம்பளக்காரர்தான்."

"நல்லா சொன்னீங்க போங்க" என்று தங்கவேல் எழுந்துவிட்டான். வாசற்படி வரைக்கும் போனவனைக் காஸ்பரின் குரல் நிறுத்தியது.

"கொஞ்சம் நில்லுங்க. அப்ளிகேஷன்ல போட்டிருக்கிற பிறந்த தேதி நிஜமான தேதிதானா?"

தங்கவேல் மேஜைக்குத் திரும்பி வந்தான். ஊரில் எந்த அப்பன் பிள்ளையின் நிஜ வயதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறான்? ஒரு வயது குறைத்துப் போட்டால் நாளைக்கு சர்க்கார் நாற்காலியில் ஒரு வருஷம் கூடுதலாக உட்காரலாம். ஊரோடு ஒத்து வாழ் என்று அவனும் அப்படியே செய்திருந்தான்.

"ஒரு வருசம் கொறச்சிப் போட்டேன் சார். அதுக்குப் போலீசு கீலீசு வருமா?"

"போலீஸ் எதுக்கு? பையன் எங்கே பிறந்தான்?"

"ராயப்பேட்டை ஆஸ்பத்திரில."

"அப்போ கார்ப்பரேஷன் பிறப்புச் சீட்டு இருக்குமே. நாலு மணிக்குப் பட்டியல் ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்குப் போயிடும். அதுக்குள்ள கொண்டுவந்தா சீட்டுல இருக்கிற தேதிதான் செல்லும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். தங்கவேல் ஓடினான். பெண்சாதி பாஞ்சாலியின் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அவளுடைய கேள்வி எதற்கும் பதில் சொல்லாமல், திரும்பி வரும்போது நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது.

1935, நவம்பர் 12. காஸ்பர் அதை இரண்டு தடவை படித்தார். இப்போது சண்முகவேல்தான் ஒன்பது மாசம் மூத்தவன். பிறகு சிவப்பு மையைத் தொட்டுப் பட்டியலின் கடைசிப் பெயரை அடித்தார். பக்கத்தில் சண்முகவேல் என்று எழுதி, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை பையனைக் கூட்டிட்டு வாங்க."

தங்கவேல் கை கூப்பினான். "உங்களைப் போயி இன்னா பேச்சு பேசிட்டேன் சார். மனசுல வச்சிக்காதீங்க."

"பரவாயில்லைங்க."

சந்தோஷம் கொஞ்சம் தணிந்ததும் புதுக் கவலை ஒன்று முளைத்தது. "அந்தப் பையனோட நைனாவும் வயசைக் கொறச்சித்தான் போட்டிருப்பாரு. விசயம் தெரிஞ்சா அவரும் சீட்டைத் தூக்கிக்கினு சண்டைக்கு வர மாட்டாரு?"

"அவர் குறைக்கலை. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துல இருந்த தேதியையே எழுதிட்டார்" என்றபடி காஸ்பர் மைக்கூட்டை மூடினார். "சண்டைக்கும் வர மாட்டார். வீட்டுக்குப் போய்ப் பையன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு ரெண்டே முக்காலிலேருந்து யோசிச்சுக்கிட்டு, இதோ உங்க எதிரிலதான் உட்கார்ந்திருக்கார்."