மச்சான் போட்ட ஓட்டு

"உன் அண்ணன் நம்மளைக் கைவிட மாட்டார்ல?"

காற்றாலைக்காரர் இதோடு எத்தனையாவது முறை கேட்டாரோ, மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலைந்து நாளாகவே அவள் சரியாகப் பேசுவதில்லை. நம் கவலை அவளையும் அரிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

அவர் நிறுவிய காற்றாலைகள் வருஷக்கணக்கில் சும்மா நின்றன. மின் கட்டமைப்போடு இணைக்க வரிசையில் காத்திருந்து, இப்போதுதான் முறை நெருங்கியிருந்தது.

அதற்குள் புது மசோதா. காற்றையும் வெயிலையும் நம்பியிராமல், எந்நேரமும் தடையில்லாமல் மின்சாரம் தரும் நிலையங்களுக்கே முதலில் இணைப்பாம். அது நிறைவேறினால் இவர் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். அதுவரை கம்பெனி தாங்காது.

மனைவியின் அண்ணன் சட்டசபை உறுப்பினர். எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

டிவி நேரலையில் வாக்கெடுப்பு தொடங்கியது. இரு பக்கமும் சரிபாதியாக இழுபறி. ஒவ்வொருவராக எழ எழ, இவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மச்சான் முறை வந்தது. எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆதரிக்கிறேன்."

ஒரே ஓட்டில் மசோதா நிறைவேறியது.

சபை கலையும்வரை இவர் காத்திருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே மச்சான்."

மறுமுனையில் மச்சான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "என் முடிவு மாப்பிள்ளை. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. தங்கச்சியை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

போனை வைத்தவர், இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை என்றார். நீயும் போகக் கூடாது என்றார். பதவி என்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவள்கூடக் கண்ணுக்குத் தெரிய மாட்டாள் என்று பொரிந்து தள்ளினார்.

மனைவி டிவியை அணைத்தாள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ் அவள். டியூட்டிக்குக் கிளம்ப வேண்டியவள், அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணனைத் திட்டாதீங்க. அவர் உங்க பக்கம்தான் இருந்தார். காலையில நான்தான் போய் அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

"நீயா?" என்றார் அவர்.

"திங்கட்கிழமை வார்டுல கரண்ட் போச்சு. ஜெனரேட்டரும் ஓடல. மூச்சு மெஷினெல்லாம் நின்னுடுச்சு. ஒரு குழந்தைக்குப் பையை அமுக்கி அமுக்கி, கையாலேயே மூச்சுக் கொடுத்துட்டிருந்தேன்."

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"பக்கத்துத் தொட்டில்லயும் ஒரு குழந்தை இருந்துச்சுங்க."