கூட்டிப்போக வருபவர்

மகனுக்குப் போன் எடுத்தாயிற்று, வந்துகொண்டிருக்கிறார் என்று ரோமன் என்ற நர்ஸ் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார்.

மகேந்திரராசாவுக்கு மகனே கிடையாது.

மயக்க மருந்தின் மிச்சம்தான் காதுக்குள் பேசுகிறது என்று முதலில் நினைத்தார். பிறகு காலையில் செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சற்றுமுன்தான் வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஊசி போட்டு, ஆளைத் தூங்கவைத்துக் குடலைப் பார்க்கிற சோதனை. சொல்லியிருந்தபடியே அவர் சாப்பிடாமல் வந்திருந்தார். முதல்நாள் குடிக்கச் சொன்ன கண்றாவியையும் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். முடிந்தபின் கூட்டிப்போக யார் வருவார்கள்?

மகன், என்றார். வாயில் வந்தது அதுதான்.

நம்பர்?

செருப்பும் மாற்றி உடுத்தச் சாரமும் வைத்துக் கொண்டுவந்த பை மடியில் இருந்தது. பாரிஸில் ரூ பெர்தொனே தெருத் தமிழ்க்கடையில் அரிசி வாங்கும்போது கொடுத்த கடைப் பை. பிள்ளையார் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த நம்பரை அப்படியே வாசித்துவிட்டார்.

கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள், யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். அதோடு இது ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகாத வைத்தியம். ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், விரலில் ஒரு கிளிப். இதற்குப் போய் ஆள் எதற்கு?

தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் ஆளுக்கா பஞ்சம். மெட்ரோவில் இறங்கினால் எப்படி அண்ணை, சுகமா அண்ணை என்று தெரு நெடுகக் கேட்பார்கள். ஆனால் குழாய் போகிற இடத்தைச் சொல்லி எவரைக் கூப்பிடுவது? ஒருவரிடம் வாய் திறந்தால் போதும், பின்னேரத்துக்குள் ரூ லூயி-பிளாங் முழுக்க அவருக்குக் கான்சர் வந்துவிடும். இரவுக்குள் அந்தியேட்டிச் சடங்குக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

தங்கைமார் மூன்று பேரையும் கரைசேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்குக் கலியாண வயது போயிருந்தது. அவர்கள் கனடாவில் நன்றாக இருக்கிறார்கள். அவருடைய அறையில் இரண்டாவது கோப்பைகூடக் கிடையாது.

யாரும் வருமுன் நழுவிவிடலாம் என்று தோன்றியது. தலை தெளிவாகத்தான் இருந்தது. காலைக் கீழே வைத்தார். தரை ஒரு பக்கமாகப் போயிற்று.

ரோமன் ஓடிவந்து பிடித்து உட்காரவைத்தார். கோபிக்கவில்லை. கண் விழித்தாலும் மருந்து உடம்பில் நிற்கும், மெட்ரோப் படி இன்றைக்கு உங்களுக்கு ஆகாது, இரவும் ஓராள் பக்கத்தில் இருக்கவேண்டும், மகன் வராமல் அனுப்பமாட்டேன் என்று பொறுமையாகச் சொன்னார்.

பக்கத்துக் கட்டில் கிழவருக்கு அவர் மனைவி காலுறை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே போட்டாள். மகேந்திரராசா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். திட்டு வாங்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று நினைத்தார்.

இனிக் கடையில் இருந்து யாரோ வரப்போகிறார்கள். இந்த மனிதர் யாரென்றே தெரியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார்கள். பொய் பிடிபட்டால் பிடிபட்டுப் போகட்டும். தனக்கென்று ஒருவரும் இல்லை என்பது இத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே, அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

கதவு திறந்தது.

கிருஷாந்த். கடையில் மரக்கறி நிறுக்கிறவன், நாற்பது வயதிருக்கும். வெண்டிக்காயை நிறுத்துப் போட்டுவிட்டு வேறென்ன ஐயா என்று கேட்பான். அதற்கு மேல் அவனோடு அவர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

கட்டில்களை ஒருமுறை பார்த்தான். நேரே அவரிடம் வந்தான்.

"அப்பா, வெளிக்கிடுவமே?"

பிறந்ததற்கு இன்றைக்குத்தான் ஒருவன் அவரை அப்படிக் கூப்பிடுகிறான், அதுவும் அவருடைய பொய்க்கு முட்டுக்கொடுப்பதற்காக.

இரவு பக்கத்தில் இருப்பீர்களா என்று ரோமன் கேட்டார். இருப்பேன் என்று கிருஷாந்த் யோசிக்காமல் சொன்னான்.

ரோமன் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அப்பா மறுபடி ஐயாவாகிவிட்டார். காலை நீட்டுங்கள் ஐயா என்று அவன் கீழே குந்தினான். அவருக்கு அது சுருக்கென்றது.

"ஏன் தம்பி வந்தனீர்? ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் மெல்ல.

கிருஷாந்த் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"போன மாசி எனக்கும் உந்தச் சோதினைதான் செய்தவை. இஞ்சை பக்கத்திலை, பொண்டியிலை இருக்கிற என்ரை சொந்த அண்ணற்றை நம்பரைக் குடுத்தனான். எனக்கு முன்னாலைதான் போன் அடிச்சவை. அப்பிடி ஒரு ஆளைத் தனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

மற்றக் கால் சப்பாத்தை எடுத்தான்.